வாரன்டி போயிடுமுங்க

எங்கள் பக்கம் புதிதாக எஸ்யூவி வாங்கியவர், குலசாமிக்கு அடுத்தபடியாகப் பயப்படுவது வாரன்டிக்குத்தான். முதல் செட் டயர் மொட்டையாகிற நேரத்தில் இந்தப் பயம் உச்சிக்கு ஏறும். கோவையை அடுத்த மதுக்கரையிலிருந்து திருப்பூருக்கும் கரூருக்கும் கொச்சிக்கும் வியாபாரமாக ஓடுகிறவருக்கு டயரின் 40,000 கிலோமீட்டர் இரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும். வண்டியின் வாரன்டியோ மூன்று வருஷம். கூடுதல் பணம் கட்டி ஐந்தாக நீட்டியவர்களும் உண்டு. அப்போது டயர் கடை வாசலில் நின்று கேட்பார்கள்: "ஏனுங்க, வெளிய டயர் போட்டா வாரன்டி போயிடுமுங்களா?"

பதில் டேஷ்போர்டுப் பெட்டியில், உறை பிரிக்காத வாரன்டிப் புத்தகத்திலேயே இருக்கும். டயரும் பேட்டரியும் பெரும்பாலும் கார் கம்பெனியின் வாரன்டிக்கு வெளியே. அவற்றுக்கு அவற்றைச் செய்த கம்பெனிதான் பொறுப்பு. தன் பொறுப்பிலேயே இல்லாத பொருளை எந்தக் கடையில் வாங்கினீர்கள், எந்த பிராண்டு வாங்கினீர்கள் என்பதற்காக இன்ஜின் வாரன்டியை எப்படி மறுப்பார்கள்?

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது நினைவிருக்கலாம். உதிரி பாகங்கள் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததும், வெளியே வேலை பார்த்தால் வாரன்டி கிடையாது என்றதும் அந்த வழக்கின் மையம். ஒட்டுமொத்தமாக வாரன்டியை ரத்து செய்யக் கூடாது, வெளியே பார்த்த வேலையால் கெட்டுப்போனால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றது ஆணையம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது வேறு கதை. டயரைப் பற்றிய வழக்கு இல்லைதான். ஆனால் நியாயம் ஒன்றே: கெட்டுப்போனதற்கும் நீங்கள் மாற்றியதற்கும் தொடர்பு இருக்க வேண்டும்.

டயரில் அந்தத் தொடர்பு வருகிற இடம் அளவு. எங்கள் தெரு அண்ணன் ஒருவரோடு கடைக்குப் போயிருந்தேன். வண்டியோடு வந்த அதே பிராண்டுதான் வேண்டும், வாரன்டி பிரச்சினை வரக் கூடாது என்று கறாராகச் சொன்னார். அடுத்த மூச்சில், "அதுலயே ஒரு சைஸ் பெருசா போட்றுங்க. வண்டி தூக்கலாத் தெரியோணும்" என்றார். பயப்பட வேண்டாத இடத்தில் நடுங்கி, பயப்பட வேண்டிய இடத்தில் தைரியமாக நிற்பது நம் வழக்கம்.

பெரிய சைஸ் என்ன செய்யும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 215/60 ஆர் 17 என்றால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 17 அங்குலம். மொத்தக் குறுக்களவு 690 மில்லிமீட்டர் வரும். அதே ரிம்மில் 225/65 போட்டால் 724 ஆகிவிடும், 5 சதவீதம் கூடுதல். மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பு போனதைவிட 5 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். கிலோமீட்டரும் குறைவாகப் பதிவாகும், ஆகவே சர்வீஸ் தள்ளிப்போகும். டயரின் எடை கூடுவதால் பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் வேலை அதிகம். ஏழு பேரை ஏற்றி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்பக்கம் உரசவும் கூடும். பிறகு வீல் பேரிங் சத்தம் போடுகிறது என்று சர்வீஸுக்குப் போனால், அட்வைசர் முதலில் குனிந்து டயரைத்தான் பார்ப்பார். அவர் மறுத்தால் நியாயம் அவர் பக்கம்.

நாலு சக்கரமும் எப்போதும் சேர்ந்து இழுக்கிற ஆல் வீல் டிரைவ் வண்டியில் இன்னும் கவனம் வேண்டும். முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புதியது என்று குறுக்களவு மாறினால் நடுவில் இருக்கும் கப்ளிங் ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்து, சூடாகிக் கெடும். அந்த வண்டிகளுக்கு நாலையும் சேர்த்து மாற்றுவதே சரி.

சரியான அளவை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாலே பார்க்கலாம். கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர், அதில் டயர் அளவும் காற்றின் அளவும் இருக்கும். அளவுக்குப் பின்னால் டயரில் வரும் எண்ணையும் எழுத்தையும் கவனிப்பவர்கள் குறைவு. 96 எச் என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். அதே இடத்தில் 91 என்றிருந்தால் 615 கிலோதான். நாலு டயருக்கும் சேர்த்து 380 கிலோ போய்விட்டது. குடும்பத்தோடு பழனிக்குப் போகிற வண்டியில் அந்த 380 கிலோ முக்கியம். எண் கூடலாம், குறையக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும்.

ஏடி டயர் எனப்படும் முரட்டுப் பட்டன் டயர் மேல் இளவட்டங்களுக்கு ஒரு மயக்கம். நம் எஸ்யூவிகள் தார் ரோட்டை விட்டு இறங்குவது தோட்டத்துக்குப் போகிற இட்டேரியில் மட்டும்தான். அதற்கு வண்டியோடு வந்த ஹைவே டயரே போதும். ஏடி டயர் இரையும். மழையில் பிரேக் பிடித்தால் பெரும்பாலும் கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நிற்கும்.

மழை என்றதும் மதுக்கரைக்காரர்களுக்கே உரிய ஒரு ஆபத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்துச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதால் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ரேஸ் டயர் ஞானம் அதிகம். பட்டனே இல்லாத ஸ்லிக் டயர்தான் காய்ந்த தளத்தில் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். உண்மைதான். அதனாலேயே கோவையின் காய்ந்த ரோட்டில் தேய்ந்த டயர் எந்தக் குறையையும் காட்டாது. ஜூன் மாதம் இங்கே வெறும் காற்றும் சாரலுமாக இருக்கும். வாளையாறு தாண்டிப் பாலக்காடு கணவாயில் நுழைந்து குதிரான் சுரங்கம் நெருங்கும்போது மழை கொட்டும். சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளப் பட்டனில் பள்ளம் வேண்டும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்கிறது; பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகள் அதைக் காட்டும். கேரளாவுக்கு அடிக்கடி போகிறவர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் புதியதை முன்னால் போடச் சொல்வார்கள். ஸ்டியரிங் முன்னால்தானே, இன்ஜினும் அங்கேதானே என்பது வாதம். டயர் கம்பெனிகள் சொல்வது நேர் எதிர்: புதியது பின்னால். முன் சக்கரம் தண்ணீரில் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடி திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க முடியாது. உயரமான எஸ்யூவியில் சுழல்வதற்கு அடுத்த கட்டம் உருள்வது.

உருண்ட கதை உலகத்துக்கே பாடம் ஆனது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்புளோரர் எஸ்யூவியில் ஓடியவை. டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில், ஹைவே வேகத்தில், டயரின் மேலடுக்கு உரிந்து வண்டிகள் உருண்டன. அரசுக் கணக்கில் 271 சாவுகள். டயர் செய்ததில் கோளாறு என்றது ஃபோர்டு. 26 பிஎஸ்ஐ காற்று போதும் என்று நீங்கள் சொன்னதுதான் காரணம், 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். ஏறக்குறைய நூறாண்டு வியாபார உறவு அதோடு முறிந்தது. டயர்களைத் திரும்பப் பெற்ற அந்த ஆண்டே வந்த சட்டத்தின் பிள்ளைதான் இன்று நம் டேஷ்போர்டில் காற்று குறைந்தால் எரிகிற மஞ்சள் விளக்கு.

ஆக, ஸ்டிக்கரும் வேதவாக்கு இல்லை என்று வாதாடலாம். ஆனால் அதைவிட்டுவிட்டு நாம் எதை நம்புகிறோம்? காற்று பிடிக்கிற தம்பி கண்ணளவில் அடிப்பதை. அல்லது டயரின் பக்கச் சுவரில் போட்டிருக்கும் எண்ணை. அது அந்த டயர் தாங்கும் உச்சம், உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு இல்லை. காலையில், டயர் சூடாகும் முன், ஸ்டிக்கர் சொல்கிறபடி பிடியுங்கள். நைட்ரஜன் விருப்பம் போல. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

தேதியைப் பார்க்கத் தெரியாமல் ஏமாறாதீர்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம்: 2325 என்றால் 2025-இன் 23ஆவது வாரத்தில் செய்தது. ஈரத்தில் பிடிப்புக்கான குறைந்தபட்சத் தரம் பழைய டயர் வகைகளுக்கும் 2023 ஏப்ரலிலிருந்து கட்டாயமானது. அதற்கு முந்தைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தந்தாலும் வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, பில்லில் அது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். டயர் கம்பெனியிடம் வாரன்டி கேட்க அந்த பில்தான் ஆதாரம்.

அண்ணனுக்குக் கணக்கெல்லாம் சொல்லியும் பெரிய சைஸ் ஆசை போகவில்லை. போக வைத்தது ஸ்டெப்னி. அவர் வண்டியில் ஸ்டெப்னி மற்ற நாலு டயரின் அதே அளவு, இரண்டு வருஷமாகத் தரையே தொடாதது. அதே பிராண்டு, அதே பட்டன், அதே அளவு வாங்கினால் புதிதாக மூன்று போதும், ஸ்டெப்னியை நாலாவதாக ஒரு புது டயருக்கு ஜோடியாக முன்னால் இறக்கலாம், பழையதில் நல்லது ஒன்று ஸ்டெப்னி ஆகட்டும் என்றேன். பயத்தில் பிடித்த பிராண்டுப் பிடிவாதத்துக்கு இப்படி ஒரு உருப்படியான காரணம் கிடைத்தது. ஒரு டயர் காசு மிச்சம் என்றதும் அண்ணன் கடைக்காரரிடம் திரும்பினார்: "பழைய சைஸே போதுமுங்க. மூணு எடுங்க." நாலு டயரை உருட்டி வைத்திருந்த கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை அவ்வளவு நட்பாக இல்லை.