தொட்டிக்கு ஓட்டை வேண்டாமாம்!

வீட்டுக்குள் செடி வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதிய நண்பர், அடியில் ஓட்டை இல்லாத பளபளப்பான பீங்கான் ஜாடிகளைத்தான் வாங்கச் சொல்கிறார். ஓட்டை இருந்தால் டைல்ஸில் கறை படியுமாம். தண்ணீர் தேங்காதா என்று கேட்பவருக்கும் பதில் வைத்திருக்கிறார்: அடியில் நான்கு விரற்கடை ஜல்லி பரப்புங்கள், மிச்சத்தை ஜல்லி பார்த்துக்கொள்ளும். செடியைப் பற்றிய கட்டுரை என்று நம்பி உட்கார்ந்தேன். தரைப் பராமரிப்பைப் பற்றிப் படித்து எழுந்தேன்.

ஜல்லி எதைப் பார்த்துக்கொள்ளும்? ஓட்டையில்லாத ஜாடியில் ஊற்றிய தண்ணீர் போக வழி கிடையாது. முதலில் ஜல்லி இடுக்கில் நிற்கும், அது நிறைந்ததும் மண்ணுக்குள் ஏறும். மேல்மண் மட்டும் காய்ந்து கிடக்கும். நாமும் மறுபடி ஒரு செம்பு ஊற்றுவோம்.

சரி, ஓட்டை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஜல்லி உதவாது, கெடுக்கும். மண்ணின் நுண்ணிய இடுக்குகள் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்திருப்பவை. அடியில் ஜல்லியின் பெரிய இடைவெளிகள் வந்தால், அந்தத் தண்ணீர் லேசில் கீழே இறங்காது. மண்ணின் கடைசி அடுக்கு சொதசொதவென்று ஊறிய பிறகே சொட்டும். ஜல்லி இல்லாவிட்டால் தொட்டியின் அடியோடு நின்றிருக்கும் சேறு, ஜல்லி போட்டதால் நான்கு விரற்கடை மேலேறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம்பாதவர்கள் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். சொட்டுவது நின்றதும் நெட்டுவாக்கில் நிமிர்த்துங்கள். மறுபடி ஒழுகும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் கூடியிருக்கிறது. தொட்டி மண்ணுக்கும் இதே கதை: ஒரே கலவை ஆழமான தொட்டியில் நன்றாக வடியும், தட்டையான தொட்டியில் சேறாக நிற்கும். ஜல்லி போடுகிறவர் காசு கொடுத்து வாங்கிய ஆழத்தைத் தன் கையாலேயே தூர்க்கிறார்.

பாட்டியை வேறு சாட்சிக்கு இழுக்கிறார். பாட்டி ஓட்டாஞ்சில்லு போடவில்லையா என்கிறார். போட்டார். ஒன்றே ஒன்று, ஓட்டைக்கு மேலே, கவிழ்த்து. மண் கரைந்து ஓடாமலிருக்க. ஓட்டை இருந்ததால்தான் அந்தச் சில்லுக்கே வேலை இருந்தது.

வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, மூச்சும் விடவேண்டும். மண்ணில் காற்று இருந்த இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர்நுனி செத்துப் பழுப்பாகும், பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் குடியேறும். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாததால் இலை வாடும். பார்க்கிறவர் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார். ஒரு கறிவேப்பிலைக் கன்றை நானே இப்படிக் கொன்றிருக்கிறேன். ஜாடி அழகாகத்தான் இருந்தது.

மண்தொட்டி வெள்ளை பூத்து அசிங்கமாகிவிடுமாம். அது போர்த்தண்ணீரின் உப்பு ஐயா. மண்ணுக்குள்ளேயே தங்கியிருக்கவேண்டியது சுவர் வழியாகக் கசிந்து வெளியே வந்திருக்கிறது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: சித்திரை வெயிலில் மொட்டைமாடி மண்தொட்டி சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். இரண்டு வேளை ஊற்ற முடியாதவர்கள் பிளாஸ்டிக் தொட்டியே வைக்கட்டும், ஓட்டையோடு. கறுப்பு நிறத்தை மட்டும் தவிர்க்கட்டும். அது வெயிலை வாங்கி வேரை வேகவைத்துவிடும்.

எந்தச் செடியானாலும் பெரிய தொட்டி என்பது அவருடைய இன்னொரு தாராளம். கீரைக்கு ஒரு சாண் ஆழம் போதும், தக்காளிக்கு ஓர் அடி வேண்டும், அடீனியத்துக்கு அகலமான தாழ்ந்த தட்டே சுகம். சின்னக் கன்றை டிரம்மில் நட்டால் வேர் எட்டாத மண்ணெல்லாம் நாள்கணக்கில் ஈரம் காயாமல் புளித்துக் கிடக்கும். சிறிய தொட்டியில் வேர் சுவரோரம் வட்டமடித்துச் சுருண்டுகொள்ளும் என்று அவர் பயப்படுவது நியாயமே. அதற்கு மருந்து துணிப்பை. காற்றுப் பட்ட இடத்தில் வேர்நுனி காய்ந்து நின்று, உள்ளே பக்கவேர்கள் கிளைக்கும்.

தன் சொல்லுக்கு ஆதாரமாக அவர் ஒரு படமும் போட்டிருக்கிறார். ஓட்டையில்லாத வெள்ளை ஜாடியில் மூன்று வருடமாகத் தழைத்து நிற்கிறதாம் செடி. உற்றுப் பார்த்தேன். மணி பிளான்ட். காலி பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகினாலும் வளரும்.