சிவப்பின் எல்லையை வரைவது யார்?

எண்கள் நிறைந்த எக்செல் தாளொன்றில் 'கலர் ஸ்கேல்' என்னும் வசதியைச் சொடுக்கியவுடன் கட்டங்கள் பச்சை, மஞ்சள், சிவப்பெனத் தாமே நிறம் பூணுகின்றன. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த இவ்வசதி, நெடிய பட்டியலைப் படிக்கப் பொறுமையற்ற நமக்கு மிகவும் உவப்பானது. அந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

கறுப்பு, சிவப்பு ஆகிய சொற்கள் சினத்தையும் உணர்த்தும் என்று தொல்காப்பியர் உரியியலில் கூறுகிறார். எக்செலின் சிவப்புக்குச் சினம் கிடையாது. நாம் எதையும் மாற்றாதவரை, தாளிலுள்ள எண்களைத் தமக்குள் ஒப்பிட்டே அது நிறமிடுகிறது. மிகச் சிறிய எண் ஒரு முனை, மிகப் பெரிய எண் மறுமுனை, இடைநிலை எண்ணுக்கு மஞ்சள்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மூன்றிலும் ஒரு நாளின் நுண்துகள் அளவு முறையே 65, 80, 95 மைக்ரோகிராம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சிறிய எண்ணுக்குப் பச்சையைத் தேர்ந்தால் இராயபுரம் பச்சையாகிவிடும். 2009இல் நம் நாடு வகுத்த நாள்வரம்போ 60தான். மூன்றும் வரம்பு மீறியவை. ஆயினும் குறைந்த கேடு நலமாகத் தோற்றம் தருகிறது. விதியைத் திருத்தும் பெட்டியில் 'எண்' என்பதைத் தேர்ந்து 60ஐ நாமே எழுதினால் இம்மயக்கம் தீரும். பலரும் அதைச் செய்வதில்லை.

எல்லையை நிலையாக வரைந்தால் போதுமா? 2015இல் நடைமுறைக்கு வந்த தேசியக் காற்றுத்தரக் குறியீடு ஆறு நிறங்களுக்கும் நிலையான எல்லைகளைக் கொண்டது. அதில் 58 மைக்ரோகிராம் நுண்துகள் இளம்பச்சை. 'திருப்திகரம்' என்று பெயர். அதே காற்று அமெரிக்கக் குறியீட்டில் சிவப்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த நாளளவோ 15. எண்ணூர்க்காரரின் நுரையீரல் எந்த நாட்டு அட்டவணையைப் பின்பற்றும்?

சராசரி என்பது இன்னொரு திரை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத்திணறி வீடுகளை விட்டு ஓடினர். ஆலை வாயிலருகே 2090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது; வரம்பு 400. அத்தகைய சில மணி நேரங்களை ஒரு மாதச் சராசரிக் கட்டத்தில் இட்டு வண்ணம் பூசிப் பாருங்கள். அந்த இரவு எங்கும் தென்படாது.

நிறமே வேண்டாமென்பது நம் கருத்தன்று. எல்லை எண், அதை வகுத்தவர், எத்தனை மணி நேரச் சராசரி ஆகிய மூன்றும் அட்டவணையின் அடியில் அச்சாக வேண்டும். மாணவரின் ஆய்வேடாயினும் அரசின் அறிக்கையாயினும் இவையின்றி ஏற்கலாகாது. கட்டத்துக்குள் எண்ணும் அழியாதிருக்கட்டும். தெருமுனைக் கடையில் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் பச்சையும் சிவப்பும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகிவிடுகின்றன.