பழைய கார் பேட்டரி குளிர்பெட்டிக்கு ஆகாது

கையில் தூக்கிச் செல்லும் குளிர்பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு எல்லாப் பக்கமிருந்தும் ஒரே யோசனைதான் கிடைக்கிறது: "பெட்டி எதுவா இருந்தாலும் சரி, வாங்குங்க. பேட்டரிக்கு என்ன, வீட்டுல கிடக்கிற பழைய கார் பேட்டரியே போதும். பத்தலைன்னா பெருசா ஒண்ணு போட்டுக்கலாம்." இன்சுலின் போடுகிறவர், மீன் விற்கிறவர், கைக்குழந்தையோடு வெளியூர் போகிற குடும்பம் என எல்லாருக்கும் இதே பதில். இந்த யோசனை ஏறக்குறைய முழுக்கத் தவறு. அதை நம்பினால் கெட்டுப்போவது மருந்தும் பிழைப்பும் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் கார் பேட்டரி. அது செல்ஃப் எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. சாவியைத் திருப்பியதும் சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்ட வேண்டும் என்பதால் உள்ளே மெல்லிய ஈயத் தகடுகளை நெருக்கி அடுக்கியிருப்பார்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். குளிர்பெட்டி கேட்பது இதற்கு நேர் எதிர்: மூன்று நான்கு ஆம்பியர்தான், ஆனால் விடிய விடிய. இப்படி அடிவரை இறக்கினால் தகட்டில் சல்பேட் கெட்டிப்படும், பூச்சு உதிரும். சில பத்து முறை முழுசாக இறங்கினாலே பேட்டரி படுத்துவிடும். வண்டியில் செல்ஃப் எடுக்காமல் கழற்றி வைத்த பேட்டரி என்றால் அது ஏற்கெனவே பாதி வழி போயாயிற்று. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரி மெதுவாக இறங்கி ஏறுவதற்கென்றே செய்யப்பட்டது, உண்மைதான். ஆனால் 150 ஏ.எச். டியூபுலர் ஒன்று 50 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

அடுத்தது, "ஏ.எச். பெருசா இருந்தா நேரமும் கூடும்" என்பது. ஒரே வோல்ட்டில் ஒப்பிட்டால்தான் இது சரி. 20,000 எம்ஏஎச் என்று போட்ட பவர் பேங்க், 35 ஏ.எச். கார் பேட்டரியில் பாதிக்கு மேல் என்று பலர் நினைக்கிறார்கள். பவர் பேங்கின் கணக்கு உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் போட்டது. பெருக்கினால் 74 வாட்-மணி. கார் பேட்டரியோ 12 வோல்ட்டில் 420 வாட்-மணி. பாதி எங்கே, ஆறில் ஒரு பங்கு எங்கே? அந்த 420-இலும் பாதிக்கு மேல் எடுத்தால் ஈய பேட்டரியின் ஆயுள் சுருங்கும் என்பதால், கைக்கு வருவது 210தான். கடையில் கேட்க வேண்டியது வாட்-மணி.

இனி பெட்டியின் பக்கம். இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. "எந்தப் பெட்டியா இருந்தா என்ன, பேட்டரிதானே முக்கியம்" என்கிறார்கள். மலிவாகக் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை பெல்டியர் வகை. இரண்டு வேறு உலோகங்களின் இணைப்பில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் என்று 1834-இல் ழான் பெல்டியர் கண்டதுதான் அதன் அடிப்படை. கம்ப்ரசர் கிடையாது, சத்தம் குறைவு, எடையும் குறைவு. ஆனால் வெளி வெப்பத்திலிருந்து 15, 20 டிகிரி இறக்குவதோடு அதன் சக்தி தீர்ந்துவிடும். மே மாதம் வேலூரில் 40 டிகிரி அடிக்கும்போது உள்ளே 20-க்குக் கீழே போவதே கஷ்டம். பிரிக்காத இன்சுலின் 2-இலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு எத்தனை பெரிய பேட்டரி மாட்டினாலும் இந்தப் பெட்டி உதவாது. மின்சாரத்தையும் இது நிற்காமல் இழுக்கும்: 50 வாட் என்றால் ஒரு நாளைக்கு 1,200 வாட்-மணி. சிறிய கம்ப்ரசர் பெட்டி ஓடும்போது 45 வாட் இழுத்தாலும், குளிர்ந்ததும் நின்று நின்றுதான் ஓடும். நிழலில் வைத்து, மூடியை அடிக்கடி திறக்காமல் இருந்தால் சராசரி 15, 20 வாட். நாள் முழுக்க 360-இலிருந்து 480-க்குள் அடங்கும். பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைப் பேட்டரியில் மிச்சம் பிடித்துவிடலாம்.

"பேட்டரி நிறைஞ்சுதான் இருக்கு, பெட்டி ஓட மாட்டேங்குது" என்பவர்கள் பேட்டரியை மாற்றும் முன் ஒயரைப் பார்க்கட்டும். 0.75 சதுர மி.மீ. ஒயரை ஐந்து மீட்டர் இழுத்து 5 ஆம்பியர் ஓட்டினால், போக வர 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தால் 12.3 காட்டும், பெட்டியின் பின்னில் வைத்தால் 11.1. பேட்டரி இறங்கிவிட்டது என்று எண்ணிக் கம்ப்ரசர் நின்றுவிடலாம். தடித்த ஒயரைக் குட்டையாகப் போட்டால் தீர்ந்தது. 12 வோல்ட் பெட்டியை இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் வழியாகச் சுற்றிக் கொண்டுபோவதும் வீண்தான்.

லித்தியம் என்றாலே வெடிக்கும் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. லித்தியத்தில் பல வகை உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃப், பாதி, நஞ்சுண்டசாமி ஆகியோர் 1997-இல் வெளியிட்ட இரும்பு பாஸ்பேட் வகையில் ஆக்சிஜன் பாஸ்பேட்டோடு இறுகப் பிணைந்திருக்கிறது. அதனால் சூடேறினாலும் மற்ற வகைகளைப் போல எளிதில் பற்றாது. 80 சதவீதம் வரை தாராளமாக இறக்கலாம், ஈராயிரம் முறைக்கு மேல் தாங்கும், எடை ஈயத்தில் ஏறக்குறைய பாதி. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் மட்டும் வைக்கக் கூடாது. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்றே பல தயாரிப்பாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு பகல் பயணத்துக்கு இத்தனையும் தேவையே இல்லை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 93 வாட்-மணி வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதே வெப்பத்தை வெளியேற்றப் பெல்டியர் பெட்டி அதைப்போல இரு மடங்குக்கு மேல் மின்சாரம் தின்னும். கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசிகளை நான்கு ஐஸ்பேக் வைத்த பெட்டியில்தான் கொண்டுபோகிறார். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை உடனே அடுக்க மாட்டார். காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் வைப்பார். உறைந்தால் கெட்டுப்போகும் தடுப்பூசிகள் உண்டு. இன்சுலினும் அப்படித்தான்: ஐஸ்பேக்கை ஒட்டி வைக்காமல் நடுவே துணி சுற்ற வேண்டும், ஒருமுறை உறைந்ததைத் திரும்பப் போட்டுக்கொள்ளக் கூடாது.

இரண்டு மூன்று நாள் வெளியே இருக்க வேண்டும், வழியில் ஐஸ் கிடைக்காது என்றால் கம்ப்ரசர் பெட்டியும் 12.8 வோல்ட், 40 ஏ.எச். இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் வாங்குங்கள். 512 வாட்-மணியில் நானூறு கைக்கு வரும், ஒரு நாள் ஓடும். 100 வாட் சோலார் பேனல் ஒன்றைச் சேர்த்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் இறங்கியதில் பெரும்பகுதியை மாலைக்குள் ஏற்றிவிடும்.