‘ஜவ்வு விலகிடுச்சு’ன்னு சொல்லிட்டாங்களா... வேலையை விட்டுடணுமா?

பழவேற்காட்டில் இடுப்பு வலி புது விஷயமே இல்லை. ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் மணிக்கணக்கில் குனிந்தே இருக்கிறார்கள். வலை இழுக்கிறவர்களுக்கும் படகு தள்ளுகிறவர்களுக்கும் முதுகுதான் மூலதனம். வீட்டில் உட்கார்ந்து பனை ஓலையில் கூடை பின்னும் பெண்களும் நாள் முழுக்கத் தரையில்தான்.

இப்படிப்பட்ட உடம்பு வலிப்பது இயல்பு. ஒரு ஸ்கேன் எடுத்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று இருக்கும். “ஜவ்வு விலகிடுச்சு, இனிமே குனியாதே, தூக்காதே” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அன்றாடம் ஏரிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில், அந்த ஒரு வரி சம்பாத்தியத்தையே நிறுத்திவிடும்.

அந்த விலகல்தான் உண்மையிலேயே வலிக்குக் காரணமா?

வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்

முதுகு வலி இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய 33 ஆய்வுகளை 2015-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 3,110 பேர். 20 வயதிலேயே 30 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. 50 வயதில் அது 60 சதவிகிதம், 80 வயதில் 84 சதவிகிதம். ‘தேய்மானம்’ 80 வயதில் 96 சதவிகிதம் பேருக்கு இருந்தது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை!

கால் நீளமும் அப்படித்தான். 2005-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, 10-ல் 9 பேருக்கு இரண்டு கால்களும் ஒரே நீளம் இல்லை. சராசரி வித்தியாசம் சுமார் 5 மில்லிமீட்டர். 2 சென்டிமீட்டர் அளவுக்குப் போனால்தான் பொருட்படுத்த வேண்டும் என்கிறது அந்த ஆய்வு.

பல வருஷம் கடலுக்குப் போன படகில் கீறல் இல்லாமல் இருக்குமா? கீறல் இருப்பதாலேயே அது ஓட்டை படகு ஆகிவிடாது.

இல்லாத கையும் வலிக்கும்

வட சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன், கையை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையில் வரும் வலியை ஆராய்ந்தார். கண்ணாடி ஒன்றை வைத்து, இழந்த கை மீண்டும் இருப்பதுபோலக் காட்டியபோது சிலருக்கு வலி குறைந்தது. இல்லாத கையே வலிக்கும் என்றால், எலும்பின் கோணத்தை மட்டும் வைத்து வலியை அளக்க முடியாது.

திருடன் போன பிறகும் நாய் குரைத்துக்கொண்டே இருக்குமில்லையா? நாள்பட்ட வலியில் பல நேரம் நடப்பது அதுதான். காயம் ஆறினாலும் நரம்பு மண்டலம் எச்சரிக்கையை நிறுத்தாது. பயம், தூக்கமின்மை, கவலை எல்லாம் அந்தக் குரைப்பைக் கூட்டும். முகத்துவாரம் மணல் மூடி மீன்பாடு குறைகிறது, கடன் தவணை நெருங்குகிறது என்றால் வலி ஏறுவதில் ஆச்சர்யம் இல்லை. இதற்கு ‘சும்மா நடிக்கிறாங்க’ என்று அர்த்தம் இல்லை. வலி நூறு சதவிகிதம் நிஜம்.

நான்கே வாரத்தில்...

அமெரிக்காவின் கொலராடோவில் சராசரியாக 10 வருஷம் முதுகு வலியோடு இருந்த 151 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2021-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு 4 வாரம், ‘இந்த வலி ஆபத்தின் அறிகுறி அல்ல’ என்று மூளைக்குப் புரியவைக்கும் பயிற்சி தந்தார்கள். எலும்பை யாரும் நிமிர்த்தவில்லை. அவர்களில் 66 சதவிகிதம் பேர் வலி இல்லாமலோ, கிட்டத்தட்ட இல்லாமலோ ஆனார்கள். வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் அது 10 சதவிகிதம்தான்.

ஆனால், அதில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் நன்கு படித்தவர்கள். தினமும் தண்ணீரில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு மனப் பயிற்சி மட்டும் போதும் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு ஓய்வும் வேலைப்பளு குறைவதும் சேர்ந்தே வேண்டும்.

‘டக்’ சத்தம் எதற்கு?

கழுத்தையும் முதுகையும் திருப்பி ‘டக்’ என்று சத்தம் வரவைக்கும் ரீல்ஸ்களைப் பார்த்திருப்பீர்கள். அது எலும்பு இடத்துக்குத் திரும்பிய சத்தம் இல்லை; மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழ் உண்டாகும்போது வருவது. சிலருக்குத் தற்காலிக நிம்மதி கிடைக்கலாம். ‘விலகினது சேர்ந்துடுச்சு’ என்று நம்பிவிட்டால், அடுத்த முறை வலித்ததும் ‘மறுபடி விலகிடுச்சு’ என்ற பயம் வந்துவிடும்.

எப்போது உடனே டாக்டரைப் பார்க்கணும்?

* சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது: இது அவசரம்
* காலில் பலம் குறைவது, மரத்துப்போவது
* கீழே விழுந்து அடிபட்ட பிறகு வரும் வலி
* காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது

இங்கெல்லாம் உடம்பில் என்ன ஆகியிருக்கிறது என்பது ரொம்ப முக்கியம். மனசு, மூளை என்று தள்ளிப்போடக் கூடாது.

மற்றவர்கள் என்ன செய்யலாம்?

நாள்பட்ட இடுப்பு வலிக்கு 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, வலி பற்றிய விளக்கம், மனநலச் சிகிச்சை எல்லாம் இருக்கின்றன. இடுப்பு பெல்ட்டும், இழுவை சிகிச்சையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது.

ஒரேயடியாகப் படுத்துவிடாதீர்கள். முதலில் வெறும் கூடையோடு குனிந்து பழகுங்கள். சில நாள் கழித்துக் கொஞ்சம் எடை, பிறகு இன்னும் கொஞ்சம். லேசாக வலித்தால் ஏதோ உடைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வசதி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கவலை அழுத்தினால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போகும்போது டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். “வலி இல்லாதவங்களுக்கும் இது இருக்குமா? நான் எப்போ, எப்படி வேலைக்குத் திரும்பலாம்?”