பெயரில் சோலை உண்டு, மலையில்?

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் படகில் ஏறுவார்கள். தைலம் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அங்கே சோலைக்குள் தரையோடு தரையாக வாழும் நீலக் குருவியைக் கண்டவர் நூற்றில் ஒருவர் இருப்பாரா என்பது சந்தேகமே!

பார்வைக்குச் சிட்டுக்குருவி அளவுதான். கால் மட்டும் நீளம். ஈரச் சருகைக் கிளறிப் பூச்சி பிடித்துத் தின்னும். மரப்பொந்திலோ மண்திட்டின் குழியிலோ கூடு கட்டும். விடியற்காலையில் அது பாடுவதைக் கேட்டவர் லேசில் மறக்கமாட்டார்.

ஆனால் நெடுந்தூரம் பறக்கும் ஜாதியல்ல. பாலக்காட்டுக் கணவாயின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். காக்கைக்கு அது ஒரு தூரமா? இந்தக் குருவிக்கோ அது கடல்! ஆகவே கணவாய்க்கு வடக்கே நீலகிரி, குடகுப் பக்கத்தில் ஓர் இனம். அதன் விலா செங்காவி. தெற்கே ஆனைமலை, பழனிமலைகளில் வெள்ளை வயிற்றுடன் மற்றோர் இனம். செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைப் பக்கத்தில் இருப்பது மூன்றாவது. அதைத் தனி இனமென்று ஒப்பாதவர்களும் உண்டு.

இவற்றை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்பதில் வெள்ளைக்காரர் காலம் முதலே குழப்பம். 2017-ல் மரபணுவை ஆராய்ந்த விஞ்ஞானிகள் இவற்றுக்கென்றே ‘ஷோலிகோலா’ என்ற பேரினத்தை வகுத்தார்கள். சோலைவாசி என்று பொருள். சோலைக்கிளி என்றும் அழைக்கிறார்கள். தமிழர் காதுக்கு இது பச்சைக்கிளியைத்தான் நினைவூட்டும். மலையாளத்தில் கிளி என்றால் எந்தப் பறவையும்தான்.

பெயர் கிடைத்துவிட்டது. வீடு?

தேயிலைக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. விறகுக்கென்றும், தோல் பதனிடும் பட்டைக்கென்றும், ஆலைக்கென்றும் தைலமரமும் சீகைமரமும் நட்டார்கள். பச்சைப் பசேலென்று இருக்கிறதே, இதுவும் காடுதானே என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தைலமரத்தடியில் குனிந்து பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். சோலையின் ஈரமும் இருட்டும் அங்கே ஏது? சோலையை ஒட்டிய தோட்டத்தில் இந்தக் குருவி சில சமயம் தலைகாட்டும், உண்மைதான். பக்கத்தில் சோலை இருப்பதால் அல்லவா?

ஒரு மலையின் இனம் அழிந்தால் அடுத்த மலையிலிருந்து வந்து குடியேற ஆள் கிடையாது. மலைமேல் மரம் நடும் விழா நடத்துகிறவர்கள் எத்தனை கன்று என்று சொல்வதோடு, என்ன கன்று என்றும் சொல்லட்டும். மலைநாவலும் காட்டு லவங்கமும் மெள்ளத்தான் வளரும். விழாவுக்கு வந்த பிரமுகர் அதன் நிழலில் நிற்கமுடியாது. அவருடைய பேரன் நிற்கலாம்.