காலையில் வாசித்தது மாலைக்குள் செயலாகட்டும்



சிகிச்சைக்காக இங்கு வந்து தங்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல, மாற்றுடைகளோடும் பிளாஸ்கோடும் வேதாகமத்தையும் மறவாமல் எடுத்து வருகின்றன. சிலர் அதைத் தலையணைக்கு அடியில் வைக்கின்றனர். சிலர் அனுதினமும் ஓர் அதிகாரத்தை வாசித்து மூடி வைக்கின்றனர். இரண்டும் பக்தியின் அடையாளங்களே. ஆயினும் புத்தகத்தை மூடும்போது வேதவாசிப்பு முடிந்துவிடுவதில்லை என்பதே எங்கள் கருத்து. வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவனை, கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு அதை மறந்துபோகும் மனிதனுக்கு யாக்கோபின் நிருபம் ஒப்பிடுகிறது. காலையில் வாசித்த பகுதி அன்று மாலைக்குள் ஒருவருக்கேனும் நன்மையாக மாறும்போதுதான் அந்த வாசிப்பு நிறைவு பெறுகிறது.

முதலில், இரவு பகலாகக் கண்விழித்து உடனிருப்போரை எண்ணிப் பார்ப்போம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில், மனம் சோர்ந்த எலியா ஒரு சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாவை விரும்பி ஜெபிக்கிறார். அங்கு வந்த தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி உண்ணச் சொல்கிறான். எலியா உண்டு மீண்டும் உறங்குகிறார். இரண்டாம் முறை எழுப்பி உண்ணச் செய்யும்போதுதான் முன்னிருக்கும் நெடும்பயணத்தைப் பற்றித் தூதன் பேசுகிறான். இதை வாசிக்கும் தாயோ மனைவியோ மகனோ அன்று வேளைக்கு உண்பதும், ஓரிரவேனும் உறவினர் ஒருவரைக் காவலிருக்கச் சொல்லித் தாம் உறங்குவதும் கீழ்ப்படிதலே. அது தன்னலம் ஆகாது.

நலம் விசாரிக்க வருவோருக்கு யோபுவின் புத்தகம் போதுமானது. நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் யோபுவோடு தரையில் அமர்ந்து, ஒரு வார்த்தையும் பேசாதிருந்தனர். அதுவே அவர்கள் செய்த நற்செயல். வாய் திறந்தபின் அவருடைய துன்பத்திற்குக் காரணம் தேடி அவர்மேல் குற்றம் சாட்டினர். இறுதியில் கர்த்தரின் கோபத்திற்கு ஆளாயினர். ஆகவே, “விசுவாசம் குறைந்ததால் வந்த நோய்” என்றும், “எந்தப் பாவத்தின் பலனோ” என்றும் கட்டிலருகே நின்று சொல்வதை நாங்கள் வன்மையாக மறுக்கிறோம். உடல் நொந்திருப்பவரின் மேல் அத்தகைய சொற்கள் இன்னொரு பாரத்தை ஏற்றுகின்றன. கையைப் பற்றிக்கொண்டு மௌனமாக அமர்ந்திருப்பதும் ஊழியமே.

மருந்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஜெபித்துவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. எசேக்கியா ராஜா மரணத்திற்கேதுவான வியாதியில் கண்ணீரோடு ஜெபித்தபோது, அவருடைய ஆயுசு நாட்களோடு 15 ஆண்டுகள் கூட்டப்படும் என்ற வாக்கு அருளப்பட்டது. அதன் பின்னும், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப் போடும்படி ஏசாயா தீர்க்கதரிசி சொன்னார். வாக்குத்தத்தம் மருந்தை விலக்கவில்லை. ஐயமோ அச்சமோ இருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

வேதனை மிகுந்த நாட்களில் வாசிக்கவே மனம் வராது. அதற்காக வெட்கப்பட வேண்டாம். 88ஆம் சங்கீதம் முறையீடாகத் தொடங்கி, ஆறுதலான முடிவு ஏதுமின்றியே முடிகிறது. அப்படிப்பட்ட மன்றாட்டுக்கும் திருமறையில் இடம் உண்டு. உங்களால் இயலாதபோது, உடனிருப்பவர் நான்கைந்து வசனங்களை மெல்லிய குரலில் வாசிக்கட்டும். அடுத்த கட்டிலில் இருப்பவர் வேறு சமயத்தவராகவோ, அப்பொழுதுதான் கண்ணயர்ந்தவராகவோ இருக்கலாம். அவருடைய உறக்கத்தைக் கலைக்காமல் வாசிப்பதும் பிறரிடத்தில் அன்புகூருதலின் ஒரு பகுதியே.

நீண்ட பகுதி வேண்டியதில்லை. சிறிய பகுதி ஒன்றை வாசித்து, “இன்று இதை யாருக்குச் செய்யலாம்?” என்று கேட்டுக்கொள்வோம். துணையின்றி இருக்கும் நோயாளிக்கு வெந்நீர் வாங்கித் தரலாம். துப்புரவுப் பணியாளரிடம் நன்றி சொல்லலாம். நெடுநாள் பேசாதிருந்த சகோதரனைத் தொலைபேசியில் அழைக்கலாம். வீடு திரும்பிய பின்னும் இது தொடரட்டும். நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றான். இங்கே அடுத்த கட்டிலில் இருந்தவரின் நலத்தை ஒரு வாரம் கழித்து விசாரிப்பதும் அவ்வழியில் நடப்பதே. இன்று வாசிக்கும் பகுதியிலிருந்தே அதைத் தொடங்குவோம்.