திரும்பி வரும் வகுப்பு எது?

பணி நிமித்தம் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் குடும்பத்துடன் வெளிநாடு செல்லும் தமிழர்கள் இன்று பலர். மென்பொருள் வல்லுநர்கள், செவிலியர்கள், முதுமுனைவர் ஆய்வாளர்கள் என இவர்களில் பல பிரிவினர் உண்டு. ஊதியம், விசா, வீடு எல்லாம் முடிவான பிறகு இறுதியாக எழும் கேள்வி, குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது. உண்மையில் முதலில் எழ வேண்டிய கேள்வி இதுதான்.

பெரும்பாலான பெற்றோர், செல்லும் ஊரில் சிறந்த பள்ளி எது என்று தேடுகின்றனர். நிரந்தரமாகக் குடியேறுவோருக்கு அது பொருந்தும். தற்காலிகமாகச் செல்வோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, குழந்தை எந்த வகுப்பில் தாயகம் திரும்பும் என்பதையே.

ஐந்தாம் வகுப்புக்குள் திரும்பும் குழந்தைக்கு உள்ளூர் அரசுப் பள்ளியே பெரும்பாலும் சிறந்தது. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அரசுப் பள்ளிகளில் கட்டணம் இல்லை. அமெரிக்காவில் பொதுவாகக் குடியிருக்கும் முகவரியே பள்ளியைத் தீர்மானிக்கிறது. எனவே பள்ளியை விசாரித்த பின்னரே வீடு தேட வேண்டும். ஆறு வயதுக் குழந்தை ஜெர்மன் மொழியை விளையாட்டுத் திடலிலேயே கற்றுக்கொள்ளும். அந்த வயதில் பெரும் பொருள் செலவிட்டுப் பன்னாட்டுப் பள்ளியில் சேர்த்தால், செலுத்தும் கட்டணம் மட்டுமே செலவு ஆகாது. இழக்கும் மொழியும் நட்பும் சேர்ந்ததே, பொருளியல் கூறும் வாய்ப்புச் செலவு.

ஆனால், தங்கும் காலம் நீண்டால் கணக்கு மாறும். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்புக்குப் பிறகு மாணவர்கள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகின்றனர். ஒன்பது வயதில் மொழி அறியாமல் செல்லும் குழந்தைக்கு இது கடினமான தருணம்.

வளைகுடா நாடுகளில் நிலைமை வேறு. அங்கு அரசுப் பள்ளிகளின் பயிற்றுமொழி அரபு என்பதால், இந்தியக் குழந்தைகள் பெரும்பாலும் கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளிகளில்தான் பயில்கின்றனர். சிங்கப்பூரின் அரசுப் பள்ளிகளில் தமிழைப் பாடமாகப் படிக்கலாம் என்பது பெரும் நன்மை. எனினும், வெளிநாட்டு மாணவர்கள் பொதுவாக நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், இடம் உறுதியில்லை, குடிமக்களைவிடப் பன்மடங்கு கட்டணமும் உண்டு.

ஒன்பதாம் வகுப்பு முதல் எச்சரிக்கை மிகவும் தேவை. சிபிஎஸ்இ முறையில் 9, 10 ஆகியவை ஓர் இணைப்பு. 11, 12 மற்றோர் இணைப்பு. இடையில் நுழைவது எளிதன்று. இந்த வயதில் செல்வோர் அங்குள்ள சிபிஎஸ்இ பள்ளியை நாடுவதோ, பொதுத்தேர்வு முடியும் வரை பயணத்தை ஒத்திவைப்பதோ நல்லது. வெளிநாட்டு வாரியச் சான்றிதழுடன் திரும்பினால், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வழங்கும் இணைத்தன்மைச் சான்று தேவைப்படும்.

தமிழ்நாட்டுப் பெற்றோர் கவனிக்க வேண்டிய மேலும் இரண்டு செய்திகள் உள்ளன. மருத்துவச் சேர்க்கையில் 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. இடையில் ஈராண்டு வெளிநாட்டில் படித்த மாணவர் அந்த வாய்ப்பை இழக்க நேரிடும். அடுத்து, 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதப் பழகாமல் எட்டாம் வகுப்பில் திரும்பும் குழந்தைக்கு இது பெரும் சுமை. வெளிநாட்டில் எந்தப் பள்ளியில் படித்தாலும் நாள்தோறும் அரை மணி நேரத் தமிழ் வாசிப்பும் எழுத்தும் தொடர வேண்டும்.

இந்தச் சுமை முழுவதையும் பெற்றோர்மீதே ஏற்றுவது முறையா? ஜப்பான், வெளிநாடுகளில் இருக்கும் தன் குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்விப் பருவத்தில் பாடநூல்களை இலவசமாக வழங்குகிறது. அயலகத்திலுள்ள ஜப்பானியப் பள்ளிகளுக்கு அரசே ஆசிரியர்களை அனுப்புகிறது. திரும்பி வருவோருக்கெனத் தனிச் சேர்க்கை முறைகளும் அங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் உண்டு. சென்றவர் திரும்புவார் என்ற எதிர்பார்ப்பின்மேல் கட்டப்பட்ட ஏற்பாடு இது.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. 2001-இல் தொடங்கப்பட்ட இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் அயலகத் தமிழருக்காகப் பாடங்களை நடத்துகிறது. அதனுடன் பள்ளிக்கல்வித் துறையை இணைத்து, திரும்பும் மாணவருக்கு ஓராண்டு இணைப்புப் பயிற்சியும், தமிழ்த் தேர்வில் வரையறுத்த கால அவகாசமும் வழங்கலாம். அரசுப் பள்ளியில் தொடங்கி அரசுப் பள்ளிக்கே திரும்பும் மாணவரின் உள் ஒதுக்கீட்டு உரிமை குறித்தும் அரசு பரிசீலிக்கலாம். இதற்குப் பெரும் நிதி தேவையில்லை.

பெற்றோர் வெளிநாட்டில் ஈட்டும் வருவாயை நாட்டின் வருவாயாகவும் கருதி வரவேற்கிறோம். அவர்களோடு திரும்பும் குழந்தைக்கு வகுப்பறையில் உரிய இடம் அளிப்பதும் நம் கடமையே.